சினை ஆடும் சுண்ணாம்புச் சுவரும்

நடுவர் ஐயா, அணித் தலைவர்கள், இந்தப் பனியிலும் நாற்காலியை விடாமல் உட்கார்ந்திருக்கிற பெரியோர்கள், தாய்மார்கள் எல்லாருக்கும் வணக்கம். கொடுத்த நேரம் கொஞ்சம். வணக்கம் போதும்.

‘தொடக்கப் பள்ளியில் ஓவிய வகுப்பு: அவசியமா, ஆடம்பரமா?’ அவசியமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் ஐயா ஒரு போடு போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். “படம் வரையக் கத்துக்கிட்டவன் எல்லாம் கடைசியில சுவத்துக்குச் சுண்ணாம்புதான் அடிக்கிறான்” என்றார். நீங்களும் விசில் அடித்தீர்கள். யார் யார் அடித்தீர்கள் என்று பார்த்து வைத்திருக்கிறேன். அந்தச் சுண்ணாம்புக்கு வருகிறேன் ஐயா, சும்மா விட மாட்டேன். அதற்கு முன்னால் ஒரு ஆட்டுக் கதை இருக்கிறது.

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. இராமநாதபுரம் மாவட்டத்தில், கடற்கரையை ஒட்டிய ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஈராசிரியர் பள்ளி என்பார்கள். தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போய்விட்டால் ஐந்து வகுப்புக்கும் நானே ஆசிரியர். மூக்குச் சளி துடைப்பதும் நானே, முட்டை எண்ணுவதும் நானே.

ஒருநாள் அதிகாரி ஒருவர் ஆய்வுக்கு வந்தார். வாசிக்கச் சொன்னார், வாசித்தார்கள். வாய்ப்பாடு கேட்டார், ஏழாம் வாய்ப்பாட்டில் கொஞ்சம் இழுத்தார்கள். அப்புறம் என்ன தோன்றியதோ, “எல்லாரும் உங்க ஊரைப் படமா வரைங்க பார்ப்போம்” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பிள்ளைகளும் வரைந்தார்கள்.

என்ன வரைந்திருப்பார்கள்? நீங்களே சொல்லுங்கள். அந்தப் பக்கம் அக்கா சரியாகச் சொல்கிறார்கள். ரெண்டு மலை! நடுவில் சூரியன். மலையிலிருந்து ஓர் ஆறு. ஆற்றங்கரையில் ஒரு குடிசை, பக்கத்தில் ஒரு தென்னை. வானத்தில் நாலு டிக் மார்க், அதெல்லாம் காக்கா.

அதிகாரி தாளைப் பார்க்கிறார், ஜன்னலைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். “டீச்சர், உங்க ஊர்ல மலை எங்க இருக்கு?” அந்தக் கடற்கரையில் மலைக்கு நான் எங்கே போவேன்? மணல்மேடுதான் இருக்கிறது. தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசையில் போடுகிற ஊரில் ஆறு ஓடுகிறதாம்! கடல் கூப்பிடு தூரத்தில் கிடக்கிறது, ஒரு பிள்ளையும் அதைச் சீண்டவில்லை. ஊட்டியிலும் அதே ரெண்டு மலை, கும்பகோணத்திலும் அதே ரெண்டு மலை. யாரோ ஒரு புண்ணியவான் என்றைக்கோ கரும்பலகையில் போட்டது, தலைமுறை தலைமுறையாக நோட்டுக்கு நோட்டு இறங்கிக்கொண்டே வருகிறது.

அதிகாரி ஆய்வுப் பதிவேட்டில் எழுதினார்: ‘மாணவர்கள் மலை வரைகிறார்கள். ஊரில் மலை இல்லை.’

எழுதி மூடப் போனவர் கையில் கடைசித் தாள் ஒன்று இருந்தது. மூன்றாம் வகுப்புப் பையன் வரைந்தது. அவன் மலையும் போடவில்லை, ஆறும் போடவில்லை. தாள் முழுக்க ஒரு ஆடு. ஆட்டின் வயிற்றுக்குள் ரெண்டு குட்டி ஆடு.

“என்னடா இது, ஆட்டுக்குள்ள ஆடு?”

“சினை ஆடு சார்.”

“உள்ள இருக்கிறது உனக்கு எப்படிடா தெரியும்?”

பையன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். இவ்வளவு பெரிய ஆளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற பார்வை. “எங்க அம்மாச்சி தடவிப் பார்த்துச் சொல்லிருச்சு சார். ரெண்டு.”

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் இங்கே சொல்லியிருக்க மாட்டேன். கொஞ்ச நாள் கழித்து எனக்கு ஒரு போன். அந்த அதிகாரிதான். நான் எழுந்து நின்றுவிட்டேன். போனில் பேசினாலும் அதிகாரி என்றால் எழுந்து நிற்பது எங்கள் துறைப் பழக்கம்.

“டீச்சர், ஒரு விவரம் வேணும்.”

“பிள்ளைங்க விவரம் ஏத்துற எமிஸ் இணையதளத்துல எல்லாம் ஏத்தியாச்சு சார்.”

“அது இல்லம்மா. அந்த ஆடு குட்டி போட்டுச்சா?”

“போட்டுருச்சு சார்.”

“எத்தனை?”

“மூணு சார்.”

போனில் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாகக் கேட்கிறார், “படத்துல ரெண்டுதானேம்மா இருந்துச்சு?” பாவம், அவருக்கு உண்மையிலேயே வருத்தம். நான் பையனைக் கூப்பிட்டேன். “ஏண்டா, நீ ரெண்டு குட்டிதானே போட்டே, இப்ப மூணு வந்திருக்கே?” அவன் அசரவில்லை. “மூணாவது அந்தப் பக்கம் படுத்திருந்துச்சு டீச்சர்” என்றான்!

பின்வரிசையில் காதில் விழவில்லை என்கிறார்கள். உங்களுக்காக இன்னொரு தடவை சொல்கிறேன், நேரத்தை என் அணித் தலைவர் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவது குட்டி, அந்தப் பக்கம், படுத்திருந்தது! ஐயா, நான் பட்டம் வாங்கியவள். எனக்கு இந்தப் பதில் வந்திருக்குமா? பேராசிரியர் ஐயாவுக்கு வந்திருக்குமா? தாளில் தெரியாத இன்னொரு பக்கமும் அந்த ஆட்டுக்கு இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

குழந்தைகளின் படங்களை ஆராய்ந்தவர்கள் இப்படி உள்ளே இருப்பது வெளியே தெரிகிற படத்துக்கு எக்ஸ்ரே படம் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். வீட்டை வரைந்தால் சுவரைத் தாண்டி உள்ளே அடுப்பும் தெரியும், பாட்டியும் தெரிவார். மூன்று நான்கு வயதில் தலையிலிருந்தே கால் முளைத்த மனிதர்களை எத்தனையோ நாட்டுப் பிள்ளைகள், யாரும் சொல்லிக்கொடுக்காமலே வரைகிறார்கள். விக்டர் லோவன்ஃபெல்டு என்கிற ஓவியக் கல்வி அறிஞர் இந்த வளர்ச்சியை எல்லாம் 1947இலேயே படிப்படியாக எழுதி வைத்துவிட்டார். பிள்ளை கண்ணால் பார்த்ததைவிடத் தனக்குத் தெரிந்ததைத்தான் முதலில் வரையும். அதற்கு எழுத்து வருவதற்கு முன்னால் கோடு வந்துவிடுகிறது.

எதிரணித் தலைவர் துண்டுச்சீட்டில் ஏதோ எழுதுகிறார். என்ன எழுதுகிறார் என்று தெரியும். ‘தானாகவே வருகிறதென்றால் வகுப்பு எதற்கு?’ சரிதானே ஐயா? தானாக வந்ததை அந்த ரெண்டு மலை தின்றுவிடக் கூடாது என்பதற்குத்தான் வகுப்பு. தெரிந்தவர் ஒருவர் வந்து, பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிப்போய், வள்ளத்தின் முன்பக்கம் எப்படி வளைகிறது என்று பார்க்க வைத்து, அப்புறம் கரித்துண்டைக் கையில் கொடுக்க வேண்டும். இதற்கு விலை உயர்ந்த வண்ணப்பெட்டி எதற்கு? அடுப்புக்கரி இருக்கிறது, செங்கல் தூள் இருக்கிறது, ஆவாரம்பூ இருக்கிறது. பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்துப் படிக்கிற செயல்வழிக் கற்றல் முறை 2007-08இல் மாநிலம் முழுக்க வந்தபோது வகுப்பறைச் சுவரில் பிள்ளைகள் உயரத்துக்கே கரும்பலகை அடித்துக் கொடுத்தார்கள், ஆளுக்கு ஓர் இடம். அருமையான ஏற்பாடு. இப்போது எங்கள் பள்ளியில் அதற்கு முன்னால் பீரோ நிற்கிறது.

ஆள் எங்கே என்று கேட்டால் சட்டத்தைக் காட்டுகிறார்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் ஓவியத்துக்குப் பகுதிநேர ஆசிரியர் உண்டு. எந்த வகுப்புக்கு? 6 முதல் 8 வரை, அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். 1 முதல் 5 வரை கிடையாது. தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி எல்லாவற்றுக்கும் சேர்த்து 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள், மாதம் 5,000 ரூபாய்க்கு. அவர்களும் எங்கள் பக்கம் வரவில்லை. அதாவது, பிள்ளை ஆட்டுக்குள் ஆடு வரைகிற வயதில் யாரும் வரமாட்டார்கள். அது வரைவதை நிறுத்தி, ரெண்டு மலையில் போய் நின்ற பிறகு வாத்தியார் வருவார். கலைத் திருவிழா நடக்கிறதே என்பார்கள். நடக்கட்டும், நல்லதுதான். போட்டிக்கு ஒரு பிள்ளை போகும், மற்ற பிள்ளைகள் கை தட்டும்.

இப்போது சுண்ணாம்பு. பேராசிரியர் ஐயா நிமிர்ந்து உட்காருகிறார், நல்லது.

ஐயா, தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போயிருப்பீர்கள். கருவறையைச் சுற்றி உள்ளே ஒரு சுற்றுப்பாதை இருக்கிறது. அந்தச் சுவரில் நாயக்கர் காலத்து ஓவியம்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி என்கிற அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆசிரியர் உள்ளே போய்ப் பார்த்தார். மேல்பூச்சு உதிர்ந்த இடத்தில், அடியில் இன்னொரு ஓவியம். சோழர் காலத்து ஓவியம், ராஜராஜன் காலத்துக் கை! அத்தனை நூற்றாண்டு அது எப்படி நின்றது தெரியுமா? சுண்ணாம்பு ஐயா, சுண்ணாம்பு! சுவரில் சுண்ணாம்பைப் பூசி, ஈரம் காய்வதற்குள் வரைந்துவிட வேண்டும். காற்றுப் பட்டுச் சுண்ணாம்பு கல்லாக இறுகும்போது நிறத்தையும் கூடவே பிடித்துக்கொள்ளும். ஈரம் போய்விட்டால் முடிந்தது, எந்தச் சக்கரவர்த்தி வந்து சொன்னாலும் பிடிக்காது. ராஜராஜனின் யானைப் படை எங்கே? குதிரைப் படை எங்கே? சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தவன் வேலை மட்டும் அங்கேயே நிற்கிறது. நீங்கள் கேலி பேசினீர்கள், நான் கோயிலைக் காட்டுகிறேன்!

அப்படியே புதுக்கோட்டைப் பக்கம் வாருங்கள். சித்தன்னவாசல் குகையில் அண்ணாந்து பார்த்தால் ஒரு தாமரைக் குளம். அதில் மீன், அன்னம், எருமை, யானை எல்லாம் ஒன்றாக நிற்கின்றன. எங்கள் அதிகாரி பார்த்திருந்தால், “எருமைக்கும் யானைக்கும் ஒரே குளமா?” என்று பதிவேட்டில் எழுதியிருப்பார். தண்ணீருக்குள் இருக்கிற மீன் வெளியே தெரிகிறது நடுவர் ஐயா! அதைப் பார்க்க ஊர் ஊராக வண்டி கட்டிக்கொண்டு போகிறோம். என் பையனுடைய ஆட்டுக்குட்டி தெரிந்தால் மட்டும் குற்றமா?

இன்னொன்றும் இருக்கிறது. பேராசிரியர் ஐயா வீட்டம்மா போன மார்கழியில் கோலப் போட்டியில் பரிசு வாங்கியவர். நான் துப்பறியவில்லை, வரும்போது வேனில் ஐயாவே பெருமையாகச் சொன்னார். ஐயா, வீட்டுக்குப் போய் அவர்களிடம், “உன் கோலமும் வெறும் சுண்ணாம்புதான்” என்று சொல்லிவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காருங்கள். நாளைக்கு நாங்கள் வந்து நலம் விசாரிக்கிறோம். அப்புறம், சுண்ணாம்பு அடிக்கிற அண்ணன்மார் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறார்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்க அவர்களைத்தான் நாம் வாசலில் போய்க் கெஞ்சுகிறோம். அவர்கள் பிள்ளைகள்தான் என் வகுப்பில் படிக்கிறார்கள்.

மணியில் கை வைத்துவிட்டீர்கள் நடுவர் ஐயா. ஒரே ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

இரண்டாம் வகுப்புப் பெண் பிள்ளை. அப்பா சவுதியில் இருக்கிறார். கைக்குழந்தையாக இவளை விட்டுவிட்டுப் போனவர். ‘என் குடும்பம்’ வரையச் சொன்னேன். அம்மாவை வரைந்தாள், பாட்டியை வரைந்தாள், தம்பி வேண்டும் என்று ஆசைபோல, இல்லாத தம்பியையும் வரைந்தாள். பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, அதற்குள் மீசையோடு ஒரு முகம். கழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. “அப்பாவுக்குக் கை கால் எல்லாம் எங்கம்மா?” என்று கேட்டேன்.

“போன்ல கால் தெரியாது டீச்சர்” என்றாள்.

இந்தக் கூட்டத்தில் எத்தனை வீட்டில் அந்தக் கட்டம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். துபாய், சவுதி, மலேசியா, சிங்கப்பூர் என்று ஊருக்கு ஊர் பிரித்துக் கொடுத்திருக்கிறோம். அந்தப் பிள்ளை அதுவரை வகுப்பில் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ‘அப்பா இல்லாமல் உனக்கு எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் எந்தப் பிள்ளை பதில் சொல்லும்? எந்தப் பரீட்சையில் அந்தக் கேள்வி வரும்?

அவர் லீவில் வந்தார். பள்ளிக்கூடத்துக்கு மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்தார். நான் நோட்டை எடுத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். “டீச்சர், இந்தப் பக்கத்தை மட்டும் கிழிச்சுத் தர்றீங்களா, கொண்டு போறேன்” என்றார். குரல் சரியாக வரவில்லை. அது அவள் படம், அவளிடமே கேளுங்கள் என்றேன். அந்தப் பிள்ளை தர மாட்டேன் என்றுவிட்டது. “அதுல நீ பாதிதான் இருக்கே. புதுசா வரைஞ்சு தர்றேன்” என்று சொல்லி, அவரை எதிரே நிற்க வைத்து, காலிலிருந்து வரைய ஆரம்பித்தாள்.

இதை ஆடம்பரம் என்று எழுத உங்கள் பேனா ஓடுமா நடுவர் ஐயா? மூளை வளர்ச்சி, விரல் பயிற்சி, கணக்குக்கும் ஓவியத்துக்கும் என்ன உறவு, இதெல்லாம் எங்கள் அணியின் அடுத்த பேச்சாளர் சொல்வார். குறிப்பு முழுவதும் அவரிடம்தான் இருக்கிறது. நன்றி, வணக்கம்.