இரண்டு நொடி காரும் ஆறரை நொடி காரும்

[திரையில்: இரண்டு கார்களும் அருகருகே, பக்கவாட்டுத் தோற்றம்]

டெஸ்லா மாடல் எஸ் பிளெய்டும் மஸ்டா எம்எக்ஸ்-5 காரும் ஒரே கோட்டில் நின்று புறப்பட்டால், அது போட்டியாகவே இருக்காது. மூன்று மின்மோட்டார்களும் 1,020 குதிரைத்திறனும் கொண்ட பிளெய்ட், மணிக்கு 60 மைல், அதாவது ஏறத்தாழ 97 கிலோமீட்டர் வேகத்தை 1.99 நொடியில் எட்டும் என்கிறது டெஸ்லா. கார் உருளத் தொடங்கும் முதல் ஓர் அடித் தூரத்துக்கான நேரம் அதில் சேராது என்பது அடிக்குறிப்பில் இருக்கும் செய்தி. ஏறத்தாழ 184 குதிரைத்திறன் தரும் இரண்டு லிட்டர் பெட்ரோல் இன்ஜின் கொண்ட எம்எக்ஸ்-5, 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட ஆறரை நொடி எடுத்துக்கொள்கிறது. நேர்சாலையைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

[திரையில்: வளைவை நெருங்கும் பாதை, மேலிருந்து]

வளைவு வந்ததும் எடைதான் முதல் கேள்வி. பிளெய்ட் சுமார் 2,160 கிலோ; எம்எக்ஸ்-5 அதில் பாதிதான். ஒரே வேகத்தில் வரும்போது பிளெய்டின் இயக்க ஆற்றல் இரு மடங்கு என்பதால், வேகத்தைக் குறைக்க அது கரைக்க வேண்டிய ஆற்றலும் இரு மடங்கு. மோட்டார்களே ஜெனரேட்டர்களாக மாறி அதில் ஒரு பங்கை பேட்டரிக்குத் திருப்பி அனுப்பினாலும், மிச்சம் பிரேக்கில் வெப்பமாகத்தான் இறங்குகிறது. பந்தயத் தடத்தில் ஓட்டுவோருக்கென டெஸ்லா கார்பன் செராமிக் பிரேக்குகளைத் தனியாக விற்பதில் வியப்பில்லை.

டயரின் கதை இன்னும் நுட்பமானது. ஒரு டயரின் மீது பாரத்தை இரு மடங்காக்கினால் அதன் பிடிமானம் இரு மடங்குக்குச் சற்றுக் குறைவாகவே கூடுகிறது. ஆனால் அந்த எடையை வளைவில் திருப்பத் தேவைப்படும் விசையோ முழுதாக இரு மடங்காகிவிடுகிறது. அகலமான டயர்களை மாட்டித்தான் இந்தக் குறையை ஈடுகட்ட முடியும் என்பதால், 21 அங்குலச் சக்கரங்கள் கொண்ட பிளெய்டின் பின்புறத்தில் 295 மில்லிமீட்டர் அகல டயர்கள் இருக்கின்றன. எம்எக்ஸ்-5 காருக்கு 205 போதும். தரையோடு தரையாகப் படுத்திருக்கும் பேட்டரி பிளெய்டின் ஈர்ப்பு மையத்தைத் தாழ்த்துவதால், அது தன் எடைக்குக் குறைவாகவே சாய்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

[திரையில்: எம்எக்ஸ்-5 வளைவுக்குள் நுழைகிறது, மெதுவான ஓட்டம்]

எம்எக்ஸ்-5 சாய்வதை மறைப்பதில்லை. பிரேக்கிலிருந்து காலை மெல்ல எடுத்தபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பினால், பாரம் முன்சக்கரங்களில் அழுந்துவதும், பிறகு உடல் வெளிப்பக்கம் சாய்ந்து ஓரிடத்தில் நிலைகொள்வதும் இருக்கையிலேயே தெரியும். இதைக் குறை என்பவர்கள் உண்டு. டயரில் இன்னும் எவ்வளவு பிடிமானம் மிச்சமிருக்கிறது என்பதை ஓட்டுநருக்கு முன்கூட்டியே உணர்த்துவது இந்தச் சாய்வுதான் என்பது என் கணிப்பு. 2022-இல் மஸ்டா சேர்த்த ஏற்பாடுகூடச் சாய்வை ஒழிக்கவில்லை. வேகமான வளைவில் உட்புறப் பின்சக்கரத்தின் பிரேக்கை லேசாகப் பிடித்து, அந்தப் பக்கம் மேலெழுவதைச் சற்றே அடக்குகிறது, அவ்வளவுதான்.

வளைவு முடிந்து இரு கார்களிலும் ஆக்சிலரேட்டரை முழுவதுமாக மிதித்தால், எம்எக்ஸ்-5 ஓட்டுபவர் இன்ஜினை நிமிடத்துக்கு 7,500 சுழற்சிவரை இழுத்து இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு மாற்றும் வேளையில், பிளெய்ட் ஓட்டுபவர் அடுத்த வளைவுக்கான பிரேக்கைத் தேடிக்கொண்டிருப்பார்.