களை எடுத்த பிறகும் மண்ணில் இருப்பது

எல்லோருக்கும் வணக்கம்.

ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். களை. மற்ற செடிகளுக்குப் பெயர் வைத்தவர்கள் இலையைப் பார்த்தார்கள், பூவைப் பார்த்தார்கள், மணத்தைப் பார்த்தார்கள். இதற்கு மட்டும் நாம் அதை என்ன செய்யப்போகிறோம் என்பதையே பெயராக வைத்துவிட்டார்கள். களை என்றால் நீக்கு. பிடுங்கு, எறி, தீர்ந்தது வேலை. எனக்கு ரொம்பப் பிடித்த சொல் இது. ஆனால் இன்று பேசப்போகிற, வெளியிலிருந்து வந்து இடத்தைப் பிடித்துக்கொண்ட அயல் செடிகள் விஷயத்தில் கொஞ்சம் ஏமாற்றுகிற சொல். பிடுங்கி எறிந்தால் செடி போய்விடும். மண்ணுக்குள் அது செய்துவைத்தது அப்படியே இருக்கும். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

வெளியிலிருந்து வந்த செடியெல்லாம் கெட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மக்காச்சோளமும் உருளைக்கிழங்கும் தென் அமெரிக்காவையும் மெக்சிகோவையும் விட்டுக் கடல் தாண்டிப் போனவைதான். பல்லுயிர் பற்றி அரசுகளுக்கு அறிவியல் கருத்து சொல்லும் ஐபிபெஸ் என்ற பன்னாட்டு அமைப்பு 2023இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மனிதர்கள் இடம் மாற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்த உயிரினங்கள் 37,000க்கு மேல் என்கிறது அது. அவற்றில் தீங்கு செய்பவை என்று சான்று உள்ளவை 3,500க்கு மேல். தாவரங்களை மட்டும் கணக்கெடுத்தால் நூற்றுக்கு ஆறுதான். சின்ன எண்ணிக்கைதானே என்று தோன்றும். அந்த ஆறு பேர் யார் என்று பார்த்தால் அப்படித் தோன்றாது.

அவர்கள் பெரும்பாலும் சுவர் ஏறிக் குதித்து வந்தவர்கள் இல்லை. நாம் கைபிடித்து அழைத்து வந்தவர்கள். உண்ணிச்செடியின் பூக்களைப் பார்த்து மயங்கி, அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து ஐரோப்பியத் தோட்டங்களுக்கு அதை எடுத்துப் போனவர்கள் டச்சுக்காரர்கள். 17ஆம் நூற்றாண்டில் நடந்தது அது. பிறகு கப்பல் போன இடமெல்லாம் செடியும் போயிற்று. அமேசான் பகுதியின் ஆகாயத்தாமரையும் அதன் ஊதாப் பூவுக்காகத்தான் குளங்களில் விடப்பட்டது. சப்பாத்திக்கள்ளி, அதன்மேல் வளரும் பூச்சி தரும் சாயத்துக்காகப் போனது. இந்தப் பெயர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆகாயத்தாமரை, உண்ணிச்செடி, சப்பாத்திக்கள்ளி. ஆயிரம் வருடமாகக் கூடவே இருந்த செடிகளைப் போல ஒலிக்கிறது இல்லையா? மொழி சீக்கிரம் உறவு கொண்டாடிவிடுகிறது. மண்ணுக்கு அவ்வளவு சீக்கிரம் முடிவதில்லை.

பயிருக்கு என்ன ஆகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இங்கே பலருக்கும் தெரிந்ததுதான். வெளிச்சம், தண்ணீர், சத்து ஆகிய மூன்றுக்கும் சண்டை. இதில் காலம்தான் முக்கியம். பயிரின் ஆயுளில் முதல் மூன்றில் ஒரு பங்கு நாட்களைக் களைக்கு விட்டுக்கொடுத்துவிட்டால், பின்னால் எவ்வளவு சுத்தமாக எடுத்தாலும் இழந்த விளைச்சல் திரும்பாது. இது எல்லாக் களைக்கும் பொருந்தும். அயல் களைகளில் சில இன்னொரு படி போகின்றன. பார்த்தீனியத்தின் மகரந்தம் பறந்து போய்த் தக்காளி, கத்தரி போன்ற பயிர்களின் பூக்களில் படிந்தால் காய்ப்பிடிப்பு குறைகிறது. அதாவது, வரப்பில் நிற்கிற செடி வயலுக்குள் கால் வைக்காமலே விளைச்சலில் கை வைக்கிறது.

நடுவில் ஒரு சின்னக் கதை. நெல் வயலில் வரும் குதிரைவால் புல்லைக் கையால் பிடுங்கிப் பார்த்தவர்களுக்கு அதன் தந்திரம் தெரியும். இளம் பருவத்தில் நெல்லிலிருந்து பிரித்தறியவே முடியாது. இந்த வேஷத்தை அதற்குப் போட்டுவிட்டவர்கள் களையெடுத்த நாம்தான். நெல் மாதிரி இல்லாததையெல்லாம் தலைமுறை தலைமுறையாகப் பிடுங்கினோம். நெல் மாதிரி இருந்தது தப்பித்தது, விதைத்தது. இந்த வேலையை முதலில் விளக்கியவர் ரஷ்யத் தாவரவியலாளர் நிக்கோலாய் வாவிலோவ். ரை தானியமே கோதுமை வயலில் களையாக ஒட்டிக்கொண்டு வந்து, பிறகு பயிரானது என்றார் அவர். களைக்கும் பயிருக்கும் நடுவில் நாம் போடும் கோடு அவ்வளவு உறுதியானது இல்லை.

சரி, மண்ணுக்கு வருவோம்.

பெரும்பாலான செடிகளின் வேரோடு பூஞ்சைகள் கூட்டு வைத்திருக்கின்றன. வேர் போக முடியாத நுண்ணிய இடைவெளிக்குள் பூஞ்சை இழை போய் மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, கொண்டுவரும். பதிலுக்குச் செடி சர்க்கரை கொடுக்கும். காட்டு மரக்கன்றுகளுக்கு இந்த உதவி இல்லாவிட்டால் நிமிர்வதே கஷ்டம். இப்போது, ஐரோப்பாவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவுக்குப் போன பூண்டுக் கடுகு என்ற செடியைப் பாருங்கள். கடுகுக் குடும்பத்துச் செடிகளுக்குப் பூஞ்சையின் தயவு தேவையில்லை. இந்தச் செடியோ, தேவையில்லை என்பதோடு நிற்காமல், வேரிலிருந்தும் இலையிலிருந்தும் கசியும் வேதிப்பொருட்களால் அந்தப் பூஞ்சைகளையே முடக்குகிறது. மேப்பிள் போன்ற நாட்டு மரங்களின் கன்றுகள் அந்த மண்ணில் சோர்ந்துபோவதை 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. அது மரத்தோடு நேருக்கு நேர் மோதவே இல்லை. மரத்துக்குச் சோறு போடுகிறவனின் கையைக் கட்டிவிட்டது. களையைப் பிடுங்கிவிடலாம். பூஞ்சைகளை யார் திரும்ப நட்டுக் கொடுப்பது? நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல பத்தாண்டுகளாக ஒரே இடத்தில் வளர்ந்த பூண்டுக் கடுகில் இந்த நச்சு குறைந்துகொண்டே போவதையும் பின்னால் கண்டார்கள். சண்டை போட ஆளில்லாத இடத்தில் ஆயுதத்துக்குச் செலவழிப்பது வீண் போலிருக்கிறது.

அடுத்தது இதற்கு நேர் எதிர். மண்ணைக் கெடுப்பது என்றதும் சத்தை உறிஞ்சுவதைத்தான் நினைப்போம். சத்தைக் கூட்டியும் கெடுக்கலாம். ஹவாய்த் தீவுகளில் எரிமலைக் குழம்பு உறைந்து உருவான இளம் மண்ணில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், மிகவும் குறைவு. அங்கே பிறந்த ஓஹியா மரம் அந்தப் பஞ்சத்துக்குப் பழகியது, மெதுவாக வளர்வது. அசோர்ஸ், மடைராத் தீவுகளிலிருந்து போர்த்துகீசியக் குடியேறிகள் கொண்டுவந்த ஃபாயா மரம், காற்றிலுள்ள நைட்ரஜனை வேர்முடிச்சுகளில் பிடித்து வைப்பது. அது பரவிய இடத்தில் மண்ணுக்குள் போகும் தழைச்சத்து சுமார் 4 மடங்கானதை 1980களில் அளந்தார்கள். உழவர் காதில் இது நல்ல செய்தி. ஓஹியாவுக்கு இல்லை. வளமான மண்ணில் வேகமாக வளரத் தெரிந்த மற்ற அயல் செடிகள் உள்ளே வந்தன. ஒன்று வந்து கதவைத் திறந்துவிட, பின்னாலேயே கூட்டம். ஃபாயாவை வெட்டினாலும் சேர்ந்த சத்து அங்கேயேதான் இருக்கும். இந்தக் கதையை முதலில் படித்தபோது நான் நம்பவில்லை. மண்ணுக்கு வளம் சேர்த்தால் நல்லது என்று படித்து வளர்ந்தவன் நான்.

மேற்கு அமெரிக்காவின் வறண்ட புதர்வெளிகளில் ஒரு ஐரோப்பியப் புல், மண்ணை விட்டுவிட்டு நெருப்பையே மாற்றிவிட்டது. சீட்கிராஸ் என்று பெயர். ஏமாற்றுப் புல் என்று பொருள், பொருத்தமான பெயர்தான். கோதுமை வயலிலும் தொல்லை, வெளியிலும் தொல்லை. வசந்தத்தில் முந்திக்கொண்டு முளைக்கும், கோடை தொடங்கும்போதே காய்ந்துபோகும். புதருக்கும் புதருக்கும் இடையே வெற்று மண்ணாகக் கிடந்த இடத்தையெல்லாம் காய்ந்த புல் நிரப்பியதும் தீ தாண்டுவதற்குப் பாலம் கிடைத்துவிட்டது. பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை எரிந்த இடங்களில் சில, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை எரியத் தொடங்கின. அங்கத்திய புதர்கள் எரிந்த வேரிலிருந்து துளிர்க்கத் தெரியாதவை. புல் மறுபடி முளைக்கும், மறுபடி எரியும். தனக்கு வேண்டிய நெருப்பைத் தானே வளர்த்துக்கொள்ளும் புல்.

நாட்டுத் தாவரங்களின் இழப்பைக் கண்ணால் பார்ப்பது கடினம் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். உண்ணிச்செடி அடர்ந்த காட்டுக்குள் போனால் எல்லாம் பச்சையாகத்தான் இருக்கும். பெரிய மரங்கள் நிற்கும், பழம் தின்னப் பறவைகள் வரும், பூவில் வண்ணத்துப்பூச்சி இருக்கும். குனிந்து தரையைப் பார்க்க வேண்டும். அந்தப் பெரிய மரங்களின் கன்று ஒன்றாவது முழங்கால் உயரத்தில் நிற்கிறதா? அடர்ந்த நிழலில் அவை முளைத்த கையோடு சாகும். புல் இல்லை, மேயும் விலங்குக்கு உணவு இல்லை. காடு அழிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அடுத்த தலைமுறை இல்லாமல், இப்போது நிற்கும் மரங்களின் ஆயுள் முடிவதற்காகக் காத்திருக்கிறது, அவ்வளவுதான். வானத்திலிருந்து படம் எடுத்தாலும் பச்சைதான் தெரியும்.

இவை இப்படி மிஞ்சிப் போவது ஏன்? பிறந்த இடத்தில் இவை எல்லாம் சாதாரணச் செடிகள். அங்கே இலையைத் தின்னும் பூச்சி உண்டு, தண்டைத் துளைக்கும் புழு உண்டு, நோய் உண்டு. கப்பலில் விதை ஏறியது, எதிரிகள் துறைமுகத்திலேயே நின்றுவிட்டார்கள். அப்படியென்றால் எதிரியையும் அனுப்பிவிடலாமே என்று யோசித்தவர்களும் உண்டு.

இதில் மிகப் பெரிய வெற்றி ஆஸ்திரேலியாவின் சப்பாத்திக்கள்ளிதான். 1920களில் அது சுமார் 2.4 கோடி ஹெக்டேரைப் பிடித்திருந்தது. நிலத்தை விட்டுவிட்டுக் குடும்பங்கள் வெளியேறின. வெட்டினால் ஒவ்வொரு துண்டும் வேர்விடும். கடைசியில் அர்ஜென்டினாவிலிருந்து ஓர் அந்துப்பூச்சியைக் கொண்டுவந்து 1926இலிருந்து அதன் முட்டைகளைக் கோடிக்கணக்கில் வினியோகித்தார்கள். புழுக்கள் சதைப்பற்றுள்ள தண்டுக்குள் புகுந்து உள்ளிருந்தே தின்றன. சில ஆண்டுகளில் கள்ளிக் காடுகள் சரிந்து அழுகின. குயின்ஸ்லாந்தில் பூனார்கா என்ற இடத்தில் அந்தப் பூச்சியின் பெயரில் ஒரு நினைவு மண்டபமே கட்டினார்கள். புழுவுக்கு மண்டபம் கட்டியவர்கள் உலகில் அநேகமாக அவர்கள்தான். ஆனால் அதே பூச்சியை 1957இல் கரீபியத் தீவான நெவிஸுக்குக் கொண்டுபோனார்கள். 1989இல் அது ஃப்ளோரிடாவில் தென்பட்டது. அங்கே கள்ளி அயல் செடி இல்லை, அந்த மண்ணுக்கே உரியது. பூச்சிக்கு அந்த வித்தியாசம் தெரியாதே. அதனால், இந்த வழி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். எந்தப் பூச்சி எதைத் தின்னும் என்று பல ஆண்டு சோதித்த பிறகு செய்யுங்கள் என்பேன்.

களைக்கொல்லியைப் பற்றிக் கேட்பீர்கள். பயன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஏதாவது ஒரு களைக்கொல்லிக்காவது சாகாத களை இனங்கள் உலகில் இன்று 250க்கும் மேல். குதிரைவால் புல்லுக்கு நம் கை செய்ததை, மற்ற களைகளுக்குத் தெளிப்பான் செய்கிறது. அதற்கு மேல் இன்னொன்று: முளைத்த பின் அடிக்கும் மருந்து செடியைத்தான் கொல்கிறது, மண்ணுக்குள் தூங்கும் விதையைத் தொடுவதில்லை.

அந்த விதையைத் தொட்ட ஒரு கதை உண்டு. சுடுமல்லி தெரியும் அல்லவா, சோளத்தின் வேரில் ஒட்டி உறிஞ்சும் செடி? அதன் விதை தூசு மாதிரி இருக்கும். மண்ணுக்குள் பத்து ஆண்டுக்கு மேலும் காத்திருக்கும். பக்கத்தில் சோள வேர் வந்தால்தான் முளைக்கும். எப்படித் தெரிகிறது என்றால், சோளம் தன் கூட்டாளிப் பூஞ்சையை அழைக்க வேரிலிருந்து ஒரு வேதிச் செய்தி விடுகிறது. அந்த அழைப்பைச் சுடுமல்லி ஒட்டுக்கேட்கிறது. 1956இல் இது வட அமெரிக்காவின் கரோலைனா மாநிலங்களில் கண்டுபிடிக்கப்பட்டது. 1,70,000 ஹெக்டேருக்கு மேல் பரவியிருந்தது. அவர்கள் செய்த வேலைகளில் ஒன்று, காய்களைப் பழுக்கவைக்கும் அதே எத்திலீன் வாயுவை மண்ணுக்குள் ஊசி போல ஏற்றியது. சோளம் வந்துவிட்டது என்று நம்பி விதைகள் முளைத்தன. ஒட்டிக்கொள்ள வேர் இல்லை, செத்தன. பல பத்தாண்டு இப்படியே செய்து, இன்று அந்தப் பரப்பில் நூறில் ஒரு பங்குகூட மிச்சமில்லை.

வாயு ஏற்ற வசதி எல்லோருக்கும் இல்லை. ஆனால் தந்திரம் பொதுவானது. விதைப்பதற்கு இரண்டு வாரம் முன்பே நிலத்தைத் தயார் செய்து தண்ணீர் விட்டு, களைகளை முளைக்கவிட்டு, மேலாகக் கீறி அழித்துவிட்டுப் பிறகு விதைப்பது அதன் எளிய வடிவம். ஆழ உழக்கூடாது, உழுதால் அடியில் தூங்குவதைத் தட்டி எழுப்பி மேலே கொண்டுவந்ததாகிவிடும். ஒரு பார்த்தீனியச் செடி 15,000 விதைகளுக்கு மேல் உதிர்க்கும். ஆகவே பூக்கும் முன் பிடுங்குவதற்கும் பூத்த பின் பிடுங்குவதற்கும் இடையே இருப்பது ஒரு வாரம் என்று நினைக்காதீர்கள், பல வருடம். அப்புறம், பிடுங்கிய இடத்தை வெறுமையாக விடாதீர்கள். உங்களுக்கு வேண்டிய ஏதாவது ஒன்று, பயறோ புல்லோ நாட்டு மரக்கன்றோ, அன்றைக்கே அங்கே நிற்கட்டும்.

பல வருடம் என்றேனே, எத்தனை வருடம்? இதே கேள்வி 1879இல் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியல் பேராசிரியருக்கும் வந்தது. களை எடுத்து எடுத்து அலுத்த உழவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். 21 வகைச் செடிகளின் விதைகளை வகைக்கு 50 எண்ணி மணலோடு கலந்து, 20 குப்பிகளில் போட்டுக் கல்லூரி வளாகத்திலேயே புதைத்து வைத்தார். ஐந்து ஆண்டுக்கு ஒன்று தோண்டுவதாகத் திட்டம். விதைகள் சாகிற வழியாக இல்லாததால் இடைவெளியைப் பத்தாக்கினார்கள், பிறகு இருபதாக்கினார்கள். பீல் 1924இல் காலமாகிவிட்டார். 2021 ஏப்ரலில் ஓர் இரவு, வெளிச்சம் பட்டால் விதை விழித்துக்கொள்ளும் என்பதற்காக இருட்டிலேயே, பதினாறாவது குப்பியைத் தோண்டி எடுத்தார்கள். முளைத்தது. அதுவும் ஐரோப்பாவிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்த, மஞ்சள் பூப் பூக்கும் ஓர் அயல் களை. அடுத்த குப்பியை 2040இல் எடுப்பார்கள். கடைசிக் குப்பிக்கு 2100 வரை காத்திருக்க வேண்டும்.