ஊட்டி உறைபனியில டென்ட்: ரெண்டாவது கம்பளிய கீழ போடுங்க

வணக்கம் மக்களே. மணி இப்போ காலையில அஞ்சே கால். வாயிலேர்ந்து புகை வருது பாருங்க, எடிட்டிங்ல போட்டது இல்ல. ராத்திரி பூரா தெர்மாமீட்டர வெளிய புல்லு மேல வச்சிருந்தேன். கேமராவுல தெரியுதா? மைனஸ் 1. டென்டுக்குள்ள 3 டிகிரி. நான் நல்லாத் தூங்கிட்டேன், அதான் இன்னிக்கு வீடியோவே.

இடம் ஊட்டிக்குப் பக்கத்துல கேத்தி. ஃப்ரெண்டோட அப்பா கேரட் தோட்டம். காட்டுக்குள்ள போய் நாமளா டென்ட் போடக் கூடாது, வனத்துறை புடிச்சா கேஸ் ஆயிடும். பட்டா நிலம், சொந்தக்காரர் சம்மதம், ஒரு சத்தம் குடுத்தா கேக்குற தூரத்துல வீடு. இது மூணும் இல்லாம நான் படுக்க மாட்டேன்.

போன வருஷம் ஜனவரியில இதே தோட்டத்துல படுத்து அசிங்கப்பட்டேன். ஆன்லைன்ல ஒரு ஸ்லீப்பிங் பேக், பை மேல பெருசா '0 டிகிரி'ன்னு போட்டிருந்துச்சு. ஜீரோ வரைக்கும் தாங்கும்ல, அப்புறம் என்னன்னு கீழ ஒரு மெல்லிசான பிளாஸ்டிக் பாய் மட்டும் விரிச்சுப் படுத்தேன். ஒரு மணிக்கு முதுகுல ஐஸ் வச்ச மாதிரி ஆயிடுச்சு. கம்பளிய எடுத்து மேல போட்டேன். இன்னொண்ணும் போட்டேன். ம்ஹூம். ரெண்டரை மணிக்கு பையச் சுருட்டிட்டுப் போய் வீட்டுக் கதவத் தட்டுனேன்.

என்ன தப்புன்னா, எந்தக் கம்பளியும் தானா சூடு குடுக்காது. உள்ள இருக்குற பஞ்சு, ரோமத்துக்கு நடுவுல காத்து நிக்குது பாருங்க, அந்தக் காத்துதான் நம்ம உடம்புச் சூட்ட வெளிய விடாம வச்சிருக்கு. நாம மேல படுத்தா முதுகுக்குக் கீழ இருக்குற பஞ்சு அப்பளமா நசுங்கிடும். காத்து போச்சு. அப்புறம் எவ்வளவு விலை குடுத்து வாங்குன பையா இருந்தாலும், தரை நம்ம சூட்ட விடிய விடிய உறிஞ்சிக்கிட்டே இருக்கும். மேல நாலு போர்வை போட்டாலும் கீழ இருக்குற ஓட்டை அடையாது.

எங்க தாத்தா மார்கழியில களத்துக் காவலுக்குப் போனா வைக்கோல ஒரு முழ உசரத்துக்குப் பரப்பி, அதுக்கு மேலதான் பாய விரிப்பாரு. மேல ஒரே ஒரு போர்வை. நான் அதப் பாத்து வளந்துட்டு, காசு குடுத்து நடுங்கிருக்கேன்.

இந்தத் தடவை கீழ என்ன இருக்குன்னு காட்டுறேன். அடியில தார்ப்பாய், ஈரத்துக்கு. அதுக்கு மேல ரெண்டு ஃபோம் மேட், ஒண்ணு மேல ஒண்ணு. அதுக்கு மேல ஒரு கம்பளி. கடையில மேட் வாங்குனா 'ஆர் வேல்யூ'ன்னு ஒரு நம்பர் கேளுங்க, நம்ம சூடு தரைக்குப் போகாம அது எவ்வளவு தடுக்கும்னு சொல்ற கணக்கு. உறைபனிக்கு மூணு, நாலு இருந்தா நிம்மதி. ரெண்டு மேட் அடுக்குனா அந்த நம்பரக் கூட்டிக்கலாம், அதனால விலை ஜாஸ்தியான ஒண்ணு வாங்க முடியலன்னா சுமாரான ரெண்டு போதும். உள்ள பஞ்சு எதுவும் இல்லாத, வெறும் ஊதுற காத்து மெத்தை மட்டும் வேணாம். உள்ள இருக்குற காத்து சுத்திக்கிட்டே இருக்கும், தரையோட குளிர மேல கொண்டாந்து குடுக்கும்.

அந்த 0 டிகிரி விஷயம். பைக்குள்ள ஒரு சின்ன லேபிள் இருக்கும், அதுல கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம்னு தனித்தனியா போட்டிருப்பாங்க. கம்ஃபர்ட்தான் நாம நிம்மதியாத் தூங்குற அளவு. எக்ஸ்ட்ரீம்னா உசுரு தப்பிக்கிற கணக்கு, தூக்கத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. என் பையோட கம்ஃபர்ட் 6 டிகிரி. அத நான் படிச்சது எப்போன்னா, வீட்டுக்குத் திரும்பி வந்து.

இடமும் தப்பு. போன தடவை ஓடைக்குப் பக்கத்துல, வீடியோவுக்கு அழகா இருக்கும்னு போட்டேன். குளிர் காத்து கனமானது, ராத்திரி தண்ணி மாதிரி இறங்கிப் பள்ளத்துல போய்த் தேங்கிடும். தலைகுந்தா பக்கம் புல்வெளி காலையில வெள்ளையா இருக்குற போட்டோ பாத்திருப்பீங்க, எல்லாம் தாழ்வான இடம்தான். இந்தத் தடவை நாலு பாத்தி மேல ஏறி, ஒரு மரத்தடியில போட்டிருக்கேன். மேகம் இல்லாத ராத்திரியில தரைச் சூடு நேரா வானத்துக்குப் போயிடும், மேல ஏதாவது மூடியிருந்தா கொஞ்சம் தடுக்கும். ஊட்டி பொட்டானிக்கல் கார்டன்ல பனிக்காலத்துல பூச்செடிங்கள மிலார் செடி வச்சு மூடுவாங்களே, அதே கதைதான். ஆனா கற்பூர மரத்தடி, அதான் யூகலிப்டஸ், வேணாம், கிளை சொல்லாமக் கொள்ளாம முறிஞ்சு விழும்.

நேத்து ராத்திரி என்ன பண்ணேன்னா, ஏழரைக்கு வீட்டுல நல்லா நெய் விட்டு சாப்டேன், கூட ரெண்டு கடலை மிட்டாய். டென்டுக்குள்ள தின்பண்டம் கிடையாது, இங்க கரடி நடமாட்டம் இருக்கு. படுக்குறதுக்கு முன்னாடி சாக்ஸ்லேர்ந்து பனியன் வரைக்கும் காஞ்சதா மாத்திட்டேன், பகல்ல வேர்த்த காட்டன் துணியோட படுத்தா அவ்வளவுதான். ஸ்டீல் பாட்டில்ல சுடுதண்ணி ஊத்தி, மூடிய இறுக்கி, சாக்ஸுக்குள்ள போட்டு தொடைக்கு நடுவுல. ஃப்ளாஸ்க்ல ஊத்திடாதீங்க, அது சூட்ட வெளியவே விடாது. மங்கி கேப் போட்டேன், சிரிக்கிறவங்க சிரிச்சுக்கோங்க. மூக்கு மட்டும் வெளிய. மூச்ச பைக்குள்ள விட்டா விடியறதுக்குள்ள நனைஞ்சிடும். டென்ட் மேல இருக்குற ஜன்னலும் ரெண்டு விரல் திறந்தே இருந்துச்சு.

'ரெண்டு பெக் போட்டா குளிராது ப்ரோ'ன்னு கமென்ட் வரும். தோலுக்கு ரத்தம் ஜாஸ்தி ஓடும், சூடா இருக்குற மாதிரி தோணும், உள்சூடு வெளிய போயிடும். குளிர்ல அது ஏமாத்து வேலை.

இது மட்டும் சிரிக்காம சொல்றேன். கரி அடுப்பு, கங்குச் சட்டி, கேஸ் ஸ்டவ் எதையும் டென்டுக்குள்ள கொண்டு போகாதீங்க. அணைஞ்ச மாதிரி சாம்பல் மூடிக் கிடக்குற கங்கு கூட. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, புகையும் தெரியாது, தூக்கத்துலயே முடிஞ்சிடும். ஜன்னல் திறந்திருக்குன்னு நம்பாதீங்க. தாங்க முடியலன்னா என்ன மாதிரி போய்க் கதவத் தட்டுங்க. வெக்கம் ஒரு நாள்தான்.

சரி, டீ போடலாம், வெளியதான். பாத்தீங்களா, ஸ்டவ் முக்குது. சின்ன கேன்ல இருக்குறது பியூட்டேன், ஜீரோவுக்குப் பக்கத்துல வந்தா அது சரியா வாயுவா மாறாது. கேன கொஞ்ச நேரம் ஜாக்கெட்டுக்குள்ள வச்சுக்குறேன். அம்மாடி, ஐஸ் கட்டி! ...இப்போ பாருங்க. ஆங், புடிச்சிடுச்சு.

கீழ ஸ்பிரிங்க்ளர் ஓடுற சத்தம் கேக்குதா? வெயில் படுறதுக்குள்ள செடி மேல இருக்குற பனியக் கழுவி விடுறாங்க. அதோ ஃப்ரெண்டோட அப்பா வராரு. "என்ன தம்பி, ராத்திரி பூரா கதவ தாழ் போடாம வச்சிருந்தேன், நீ வரவே இல்ல?"

இல்லப்பா, டீ குடிக்கிறீங்களா?