ஒரு தாயிடம் டிவியில் சொல்லப்பட்ட மரணச் செய்தி

வணக்கம். இன்றைக்கு நேராக விஷயத்துக்கே வந்துவிடுகிறேன். சில்வியா பிரவுன் என்று ஓர் அமெரிக்கப் பெண்மணி இருந்தார். இறந்தவர்களோடு பேசுவேன், காணாமல் போனவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று சொல்வேன் என்று சொல்லிக்கொண்டவர். அங்கே இப்படிப்பட்டவர்களை சைக்கிக் என்பார்கள். மாண்டெல் வில்லியம்ஸ் நடத்திய டிவி நிகழ்ச்சியில் புதன்கிழமை என்றால் இந்த அம்மாள்தான். புத்தகங்கள் விற்பனையில் முதல் வரிசைக்குப் போயின. போனில் அரை மணி நேரம் பேசுவதற்கே சுமார் 700 டாலர் வாங்கிக்கொண்டிருந்தார்.

2004 நவம்பரில் அந்த நிகழ்ச்சிக்கு ஒரு தாய் வந்தார். பெயர் லூவானா மில்லர், ஊர் ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து. அவருடைய மகள் அமாண்டா பெர்ரி 2003 ஏப்ரல் 21 அன்று வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பியவள், வந்து சேரவில்லை. மறுநாள் அவளுக்கு 17-வது பிறந்தநாள். ஒன்றரை வருடமாக அந்தத் தாய் தெருத்தெருவாக நோட்டீஸ் ஒட்டினார், செய்தியாளர்களை விடாமல் துரத்தினார், போலீஸைக் கேட்டுக்கொண்டே இருந்தார். எல்லாக் கதவையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கடைசியில் இந்த மேடைக்கு வந்தார்.

அவர் கேட்டது ஒரே கேள்வி. என் பெண் உயிரோடு இருக்கிறாளா?

சில்வியா பிரவுன் சொன்ன பதில்: “அவள் உயிரோடு இல்லை, கண்ணே.” அதோடு விடவில்லை. அமாண்டாவின் ஜாக்கெட் குப்பையில் கிடப்பதாகச் சொன்னார். மகளை இனி மேலுலகத்தில்தான் பார்ப்பீர்கள் என்றார். எந்தத் தயக்கமும் இல்லை. “எனக்குத் தோன்றுகிறது” என்ற ஒரு சொல்கூட இல்லை. அரங்கம் நிறைய ஆட்கள், கேமரா, விளக்கு, நடுவில் அந்தத் தாய் உடைந்து அழுகிறார்.

இதில் என்னால் தாங்கவே முடியாத ஒரு விவரம் இருக்கிறது. அமாண்டா காணாமல் போன சில நாட்களில் அவளுடைய செல்போனிலிருந்தே லூவானாவுக்கு ஓர் அழைப்பு வந்திருந்தது. ஓர் ஆண் குரல். அவள் என்னிடம்தான் இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டது. அதாவது, மகள் உயிரோடு இருக்கிறாள் என்பதற்கு அந்தத் தாயிடம் நிஜமான ஒரு தடயம் இருந்தது. எஃப்பிஐ விசாரித்த தடயம். அதன் மேல்தான் இந்த அம்மாள் வந்து மண்ணைப் போட்டு மூடினார்.

நிகழ்ச்சி முடிந்து ஊருக்குத் திரும்பிய லூவானா, உள்ளூர்ப் பத்திரிகையிடம் தான் அதை 98 சதவீதம் நம்புவதாகச் சொன்னார். மகளுடைய படங்களை எடுத்து வைத்தார். அவளுடைய கம்ப்யூட்டரை யாருக்கோ கொடுத்துவிட்டார். நம்ப மனம் இல்லை, ஆனால் ஒன்றரை வருடத்துக்கு அப்புறம் வேறு என்ன இருக்கிறது என்றார். 2006 மார்ச்சில் இதயம் செயலிழந்து இறந்துபோனார்.

அப்போது அமாண்டா உயிரோடுதான் இருந்தாள். அதே கிளீவ்லாந்தில், சீமூர் அவென்யூ என்ற தெருவில், ஏரியல் காஸ்ட்ரோ என்பவனுடைய வீட்டில், இன்னும் இரண்டு பெண்களோடு அடைபட்டுக் கிடந்தாள். காணாமல் போன இடத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரம், அவ்வளவுதான். அம்மா இறந்த அதே வருடம், கிறிஸ்துமஸ் அன்று, அந்தச் சிறையிலேயே அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. 2013 மே 6 அன்று கதவை உடைத்துக்கொண்டு குழந்தையோடு வெளியே வந்து, போலீஸுக்கு போன் செய்து, நான்தான் அமாண்டா பெர்ரி என்றாள்.

லூவானா இறந்ததற்கு இந்த நிகழ்ச்சிதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அதை யாரும் நிரூபிக்க முடியாது, நிரூபிக்க முடியாததைச் சொல்வது எனக்கும் பிடிக்காது. மகள் செத்துவிட்டாள் என்று அந்தத் தாயிடம் சொல்லப்பட்டது, அதை 98 சதவீதம் நம்புவதாக அவரே சொன்னார், அது உண்மை இல்லை. இதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். என் கோபத்துக்கு இதுவே போதும்.

சரி, ஒரு தடவை தவறிப்போயிற்று, மனிதர்தானே என்று சிலர் கமெண்டில் எழுதுவீர்கள். சில்வியா பிரவுனும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார்: எப்போதும் சரியாக இருப்பவர் கடவுள் ஒருவர்தான் என்று. அதனால் இன்னும் இரண்டு வழக்குகளைப் பாருங்கள்.

மிசௌரி மாநிலத்தில் 2002 அக்டோபரில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் சைக்கிளில் போனவன் காணாமல் போனான். பெற்றோர் அடுத்த வருடம் இதே நிகழ்ச்சிக்கு வந்தார்கள். பையன் இறந்துவிட்டான், உடல் காட்டுப் பகுதியில் இரண்டு கரடுமுரடான பாறைகளுக்குப் பக்கத்தில் கிடக்கிறது, கடத்தியவன் சடை வைத்த கருத்த ஆள் என்று இவர் சொன்னார். 2007 ஜனவரியில் போலீஸ் அந்தப் பையனை செயின்ட் லூயிஸ் புறநகரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் உயிரோடு மீட்டது. கடத்தியவன் ஒரு வெள்ளைக்காரன், சடையும் இல்லை. ஏறக்குறைய நான்கு வருடம் அந்தப் பெற்றோர் பாறையையும் காட்டையும் நெஞ்சில் சுமந்தார்கள்.

இன்னொன்று இதற்கு நேர் எதிர். டெக்சஸில் 1999-இல் கடத்தப்பட்ட 6 வயதுச் சிறுமி. அவளுடைய பாட்டி அரங்கில் எழுந்து கேட்டார். குழந்தை உயிரோடு இருக்கிறாள், ஜப்பானுக்கு அடிமையாக அனுப்பிவிட்டார்கள் என்று சில்வியா பிரவுன் சொன்னார். அந்தப் பாட்டியின் மனதில் அந்தச் சொல் என்னென்ன காட்சிகளை உண்டாக்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். குழந்தையின் எலும்புகள் 2003 கடைசியில் டெக்சஸிலேயே கிடைத்தன. கடத்தப்பட்ட சில மணி நேரத்திலேயே இறந்திருக்கிறாள் என்பது ஆய்வின் முடிவு.

இருப்பவர்களை இறந்தவர்கள் என்றும், இறந்தவளை இருக்கிறாள் என்றும் சொன்னவர் இவர். ‘ஸ்கெப்டிகல் இன்க்வயரர்’ என்ற பத்திரிகையில் 2010-இல் இரண்டு பேர் இவர் கருத்துச் சொன்ன 115 வழக்குகளைத் தோண்டியெடுத்துச் சரிபார்த்தார்கள். பெரும்பாலும் சரி என்று சொல்லக்கூடிய வழக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

இதெல்லாம் தெரிந்த பிறகும் ஜனங்கள் ஏன் நம்பினார்கள்? முட்டாள்கள் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். இந்த வித்தை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள்.

கோல்ட் ரீடிங் என்று ஒரு முறை இருக்கிறது. எதுவும் தெரியாமலே எல்லாம் தெரிந்த மாதிரி பேசுவது. நூறு பேர் உட்கார்ந்திருக்கும் அரங்கில், “ஜே என்ற எழுத்து வருகிறது, ஜான்? ஜோ? ஜிம்?” என்று ஆரம்பிப்பார்கள். அமெரிக்காவில் ஜான் என்று ஒரு தாத்தாவோ சித்தப்பாவோ இல்லாத குடும்பம் குறைவு. ஒரு கை மேலே எழும். “நெஞ்சுப் பக்கம் ஒரு அழுத்தம் தெரிகிறது” என்பார்கள். மாரடைப்பும் பொருந்தும், நுரையீரல் நோயும் பொருந்தும், கடைசியில் யாருடைய மூச்சும் நிற்கத்தானே செய்கிறது. அப்புறம், “தண்ணீரோடு அவருக்குத் தொடர்பு ஒன்றும் இல்லையே?” என்று ஒரு கேள்வி. “ஆமாம், மீன் பிடிக்கப் போவார்” என்று பதில் வந்தால், “அதைத்தான் பார்க்கிறேன்” என்பார்கள். “இல்லை” என்று வந்தால், “இல்லை என்றுதான் நானும் நினைத்தேன்” என்று நகர்ந்துவிடுவார்கள். இரண்டு பதிலும் அவர்களுக்கே சாதகம்.

உண்மையில் வேலை செய்வது எதிரே உட்கார்ந்திருக்கும் ஆள்தான். அப்பாவின் பெயரைச் சொல்வது மகள், என்ன நோய் என்று சொல்வது மகள், கண்ணீரால் “சரி” என்று ஒப்புக்கொள்வதும் மகள். வீட்டுக்குப் போனதும் பொருந்தாத பத்து விஷயங்கள் மறந்துபோகும், பொருந்திய ஒன்று நிற்கும். அந்த சைக்கிக் என் அப்பா பெயரையே சொல்லிவிட்டார் என்றுதான் அந்த மகள் அக்கம்பக்கத்தில் சொல்வார். பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் நினைவிருக்கிறது. பதிவு செய்த நிகழ்ச்சி என்றால், தவறிப்போன இடங்களை எடிட்டிங்கில் வெட்டிவிடலாம். அதனால் டிவியில் பார்க்கிற நமக்கு இன்னும் பெரிய அற்புதமாகத் தெரிகிறது.

இன்னொரு முறை ஹாட் ரீடிங். முன்கூட்டியே விவரம் சேகரித்துக்கொண்டு வருவது. இதைச் சோதிக்க சூசன் கெர்பிக் என்பவர் 2017-இல் ஒரு வேலை செய்தார். இல்லாத ஆட்களின் பெயரில் ஃபேஸ்புக் கணக்குகள் தொடங்கி, இல்லாத குடும்பக் கதைகளை எழுதி வைத்தார்கள். அந்தப் பொய்ப் பெயரிலேயே டிக்கெட் வாங்கி, தாமஸ் ஜான் என்ற பிரபல மீடியத்தின், அதாவது இறந்தவர்களோடு பேசுவதாகச் சொல்லிக்கொள்பவரின், நிகழ்ச்சிக்குப் போனார். கணையப் புற்றுநோயில் இறந்த உங்கள் இரட்டைச் சகோதரர் ஆண்டி வந்திருக்கிறார் என்று மேடையிலிருந்து சொன்னார் அந்த மீடியம். அப்படி ஒரு சகோதரர் பிறக்கவே இல்லை. ஃபேஸ்புக்கில் மட்டும் இருந்தார். 2019-இல் நியூயார்க் டைம்ஸ் இதழ் இந்தக் கதையை விரிவாக வெளியிட்டது. இன்றைக்கு ஒருவர் இறந்தால், இரங்கல் பதிவிலேயே நோய், ஊர், பேரப்பிள்ளைகளின் பெயர் எல்லாம் வந்துவிடுகிறது. துக்கத்தில் எழுதுகிற அந்த வரிகளையே திருடி, நமக்கே காசுக்கு விற்க முடியும் என்பதுதான் என்னைப் பதற வைக்கிறது.

சரியான சோதனைக்கு இவர்கள் வந்ததுண்டா? ஜேம்ஸ் ரேண்டி என்ற மேஜிக் கலைஞர், இருதரப்பும் ஒப்புக்கொண்ட விதிகளின்படி சக்தியை நிரூபித்தால் 10 லட்சம் டாலர் தருவதாக அறிவித்திருந்தார். 2001-இல் லாரி கிங் நடத்திய டிவி பேட்டி நிகழ்ச்சியில் சில்வியா பிரவுன் அதற்கு ஒப்புக்கொண்டார், ஊரே பார்க்கும் சேனலில். 2013 நவம்பரில் இறக்கும் வரை சோதனைக்கு வரவே இல்லை. 88 வயதில் இறப்பேன் என்று அதே லாரி கிங்கிடம் சொன்னவர் 77-இல் இறந்தார். அதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு, எனக்குச் சிரிப்பு வரவில்லை. தன் மரணத்தைத் தவறாகச் சொன்னதால் யாருக்கும் நஷ்டம் இல்லை. அடுத்தவர் பிள்ளையின் மரணத்தைத் தவறாகச் சொன்னதுதான் என் பிரச்சினை.

என் கோபம் இந்த ஒருவர் மேல் மட்டும் இல்லை. மேடை கொடுத்தது யார்? மிசௌரிப் பையன் உயிரோடு திரும்பி வந்த செய்தி 2007 ஜனவரியில் அமெரிக்கா முழுக்க ஓடியது. அதற்கு அப்புறமும் அந்த நிகழ்ச்சியில் இவருக்கு இடம் இருந்தது. ஒரு செய்தியாளர் இப்படி இருப்பவரையும் இறந்தவரையும் மாற்றி மாற்றித் தவறாகச் சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும். இங்கே விளம்பர வருமானம் வந்துகொண்டிருந்தது, அதனால் எந்தத் தயாரிப்பாளரும் பழைய எபிசோடுகளை எடுத்துச் சரிபார்க்கவில்லை. சரிபார்த்தது சம்பளம் இல்லாமல் வேலை செய்த நாலு ஆர்வலர்கள்.

கடைசியாக ஒன்று. “பொய்யாகவே இருக்கட்டும், மனதுக்கு ஆறுதல் கிடைக்கிறதே” என்று கேட்பீர்கள். இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன், ஏனென்றால் இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் யாரையோ இழந்தவர்கள். ஹாரி ஹூடினி கதையைக் கொஞ்சம் கேளுங்கள். பெரிய மேஜிக் கலைஞர், அம்மாவின் மேல் உயிராக இருந்தவர், 1913-இல் அம்மாவை இழந்தார். 1922-இல் அட்லாண்டிக் சிட்டியில், ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கோனன் டாயிலின் மனைவி, உங்கள் அம்மா என் கை வழியாக எழுதுகிறார் என்று சொல்லிப் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதிக் கொடுத்தார். பணம் வாங்கவில்லை, நல்ல எண்ணத்தில்தான் செய்தார். ஆனால் கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது, உச்சியில் ஒரு சிலுவை. ஹூடினியின் அம்மா யூத மதகுருவின் மனைவி, ஆங்கிலத்தில் எழுதத் தெரியாதவர். வந்தது தன் அம்மா இல்லை என்பது மகனுக்குத் தெரிந்துவிட்டது. காசு வாங்காத, அன்போடு சொன்ன பொய்யே அந்த மனிதரை அவ்வளவு புண்படுத்தியது என்றால், 700 டாலருக்கு விற்ற ஆறுதலைப் பற்றி நான் என்ன சொல்ல?

ஹூடினி அதற்கு அப்புறம் மாறுவேடம் போட்டுக்கொண்டு ஊர் ஊராக மீடியங்களைப் பிடித்தார், 1926-இல் அமெரிக்கக் காங்கிரஸ் குழு முன்பு இவர்களுக்கு எதிராகச் சாட்சியும் சொன்னார். அது தனியாக ஒரு வீடியோவுக்கான விஷயம். அடுத்த முறை அதைப் பேசுகிறேன். உங்கள் வீட்டில் யாராவது இப்படி ஓர் ஆளிடம் போய் வந்திருந்தால், என்ன கேட்டார், என்ன சொன்னார்கள், எவ்வளவு வாங்கினார்கள் என்று எழுதுங்கள். பெயர் வேண்டாம். படிக்கிறேன்.