கதவைக் கழற்றிச் சாய்த்து வைத்தால் பிழைத்துக்கொள்ளலாம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

உலகம் அழிந்த பிறகு என்ன நடக்கும் என்று கேட்டால், சினிமா நமக்குப் பழக்கிவைத்த பதில் ஒன்று இருக்கிறது. பாலைவனம், துருப்பிடித்த வண்டி, தோல் சட்டை, துப்பாக்கியோடு ஒரு நாயகன். பெட்ரோல் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் கேட்கக்கூடாது! இன்று அவனை விட்டுவிடுவோம். 1980களில் பிரிட்டனில் வந்த இரண்டு கதைகளைப் பற்றிப் பேசுகிறேன். இரண்டிலும் நாயகன் கிடையாது. அரசாங்கக் கையேடு ஒன்றின் நிழல் இருக்கிறது.

‘புரொடெக்ட் அண்ட் சர்வைவ்’ என்ற அந்தக் கையேடு நிஜமானது. 1980இல் பிரிட்டிஷ் அரசு அச்சிட்டு 50 பென்ஸுக்கு விற்றது. அணுகுண்டு விழும் அபாயம் வந்தால் வீட்டுக் கதவுகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்து, மேலே மண்மூட்டை அடுக்கி உள்ளே இருக்க வேண்டும். 14 நாளுக்கு உணவும் தண்ணீரும் சேர்த்து வைக்க வேண்டும். யாராவது இறந்தால் உடலை வேறு அறைக்கு மாற்றிப் பெயரும் முகவரியும் எழுதிய சீட்டைக் கட்டிவிட வேண்டும். எந்த அதிகாரி எந்த மேசையில் உட்கார்ந்து எழுதினாரோ!

ஓவியரும் எழுத்தாளருமான ரேமண்ட் பிரிக்ஸ் 1982இல் இதையே ‘வென் த விண்ட் ப்ளோஸ்’ என்ற சித்திரக் கதைக்குள் கொண்டுவந்தார்; 1986இல் அது அசைவூட்டப் படமானது. ஜிம், ஹில்டா என்று ஓய்வுபெற்ற தம்பதி. ஜிம் கையேட்டை வேதவாக்காக எடுத்துக்கொண்டு கதவுகளைக் கழற்றுகிறார். வானொலியில் அபாய அறிவிப்பு வருகிறது. கொடியில் துணி காய்கிறதே, அடுப்பில் கேக் தீய்ந்துவிடுமே என்று பதறுகிறாள் ஹில்டா. குண்டுக்குப் பிறகு குழாயில் தண்ணீர் இல்லை. மழைநீரைப் பிடித்துக் குடிக்கிறார்கள். அரசாங்கம் எப்படியும் வந்துவிடும் என்று நம்பியே மெல்ல மெல்லச் சாகிறார்கள். அந்த நம்பிக்கையைப் பிரிக்ஸ் கேலி செய்யவில்லை. கோபமெல்லாம் அதை விதைத்தவர்கள்மீதுதான்.

அந்த அரசாங்கம் எங்கே போனது? அதற்குப் பதில் ‘த்ரெட்ஸ்’ படத்தில் கிடைக்கிறது. பாரி ஹைன்ஸ் எழுதி, மிக் ஜாக்சன் இயக்கி, 1984 செப்டம்பர் 23 அன்று பிபிசியில் ஒளிபரப்பானது. ஷெஃபீல்டு நகர மன்றத்தின் நிலவறையில் அவசரகாலக் குழு உட்கார்ந்திருக்கிறது. உணவை யாருக்குக் கொடுப்பது என்று சண்டை. மேலே கட்டடம் இடிந்து வழி அடைபட்டுப் போகிறது. வெளியிலிருந்து தோண்டி வருவதற்குள் எல்லோரும் மூச்சுமுட்டிச் செத்துப்போகிறார்கள்.

முகத்தில் கட்டுப் போட்ட போக்குவரத்து வார்டன் ஒருவர் துப்பாக்கியோடு நிற்பார். நேற்றுவரை வண்டிக்கு அபராதச் சீட்டு எழுதிய கை அது. நூறு வெடிப்புக் காட்சிகள் சேர்ந்தாலும் இந்த ஒரு சட்டகத்துக்கு ஈடாகாது என்பேன். ஜிம்மி என்ற இளைஞன் தன் காதலி ரூத்தைத் தேடி ஓடுகிறான். அதன்பின் அவன் கதி என்ன என்று படம் சொல்வதே இல்லை. போரில் காணாமல்போனவர்களின் வீடுகளுக்கு இது தெரிந்த வலி. ரூத்தின் மகள் வளர்ந்து அரைகுறைப் பேச்சோடு திரியும்வரை, 13 ஆண்டுகள் கதை நகர்கிறது.

இதையெல்லாம் இயக்குநர் பீட்டர் வாட்கின்ஸ் 1965இலேயே ‘தி வார் கேம்’ படத்தில் காட்டிவிட்டார். மிகக் கொடூரம் என்று பிபிசி அதை நிறுத்திவைத்தது. நடித்து எடுத்த அந்தப் படத்துக்கு ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது வேறு கதை. தொலைக்காட்சிக்கு அது வந்தது 1985இல். அதற்குள் கையேடு கடைக்கு வந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

எதை முதலில் பார்ப்பது என்று கேட்பீர்கள். ஜிம், ஹில்டா கதையைப் பாருங்கள். வண்ணச் சித்திரம்தானே என்று குழந்தைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளாதீர்கள்.