காயப் போட்ட பிள்ளைகள்

(கிருஷ்ணகிரியை அடுத்த ஓர் ஊரில், கோடைக்காலக் கால்பந்துப் பயிற்சி முகாமின் நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மாவட்ட விளையாட்டு அலுவலர் அவர்களே, தம் சொந்தக் கிணற்றிலிருந்து குழாய் இழுத்து முகாமுக்குத் தண்ணீர் தந்த ஊராட்சி மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, பெற்றோர்களே, இருபத்தொரு நாளும் விடியற்காலையிலேயே வந்து நின்ற செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம். கத்திரி வெயிலில் எனக்குப் பொன்னாடை போர்த்திய அன்பர்களுக்கு நன்றி. அதை இரண்டு நிமிடங்களுக்கு மேல் தாங்க முடியாமல் மடியில் வைத்துக்கொண்டதைப் பொறுத்தருள வேண்டும்.

‘நிழலின் அருமை வெயிலில் தெரியும்’ என்ற பழமொழியை நான் எந்த மேடையிலும் விட்டதில்லை என்று என் வீட்டாரே கேலி செய்வார்கள். இன்றும் விடப்போவதில்லை. மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன்: வெயில் ஆட்டக்காரரின் உடலை என்ன செய்கிறது, பெரிய அணிகள் அதற்கு என்ன செய்கின்றன, நம் பயிற்சியாளர்கள் ஒரு நாளின் பயிற்சியை எப்படி வகுத்துக்கொள்ள வேண்டும் என்பவை அவை.

ஓடுகிற உடல் வியர்வை உலர்வதால்தான் பெரும்பாலும் தன் சூட்டை இறக்கிக்கொள்கிறது. காற்றில் ஈரம் மிகுந்துவிட்டால் வியர்வை வழியுமே தவிர உலராது. உடலின் உட்சூடு 104 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டி, பேச்சு குழறி, நடை தள்ளாடினால், அதை வெறும் மயக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. உயிரைக் குடிக்கும் வெப்பத்தாக்கு அது. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்தில், மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணியின் கோரி ஸ்டிரிங்கர் என்ற 27 வயது வீரர், 2001 ஜூலை 31 அன்று பயிற்சி முகாமில் சுருண்டு விழுந்து மறுநாளே உயிரிழந்தார். அவருடைய உடற்சூடு 108 டிகிரியைத் தாண்டியிருந்தது. கோடீஸ்வர அணியில், மருத்துவர்களும் உதவியாளர்களும் சூழ இருந்த இடத்தில் நடந்தது இது.

எங்கள் காலத்தில் மருத்துவரும் இல்லை, உதவியாளரும் இல்லை. கிருஷ்ணகிரி அப்போது தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. நான் ஒன்பதாம் வகுப்பு. பயிற்சியின் நடுவே தண்ணீர் குடித்தால் வயிறு பிடித்துக்கொள்ளும் என்பது எங்கள் ஆசிரியரின் உறுதியான நம்பிக்கை. பானை மூடியின்மேல் தம் செருப்பையே காவல் வைத்திருப்பார். மே மாதத்தில் ஒரு நாள், பகல் பதினொரு மணிக்கு, எங்கள் இடப்பக்க ஆட்டக்காரன் பந்தை விட்டுவிட்டுக் கோல் கம்பத்தோடு பேசத் தொடங்கினான், பேசிக்கொண்டே விழுந்தான். அடுத்த பேருந்துக்கு ஒரு மணி நேரம் இருந்தது. நாங்கள் அழுதுகொண்டு நிற்க, பக்கத்துக் களத்தில் புளி காயப் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஓடிவந்து, ஒரு வார்த்தை கேட்காமல் பையனைத் தோளில் அள்ளிப் போய்ப் பம்புசெட்டுத் தொட்டியில் கழுத்தளவு இறக்கினார். நல்லவேளை, அன்று கரண்ட் இருந்தது. ஆசிரியரும் வெள்ளை வேட்டியோடு தொட்டிக்குள் இறங்கிப் பையனின் தலையைத் தாங்கிக்கொண்டார். அப்போதுதான் பெரியவர் வாய் திறந்தார்: “ஏன் வாத்தியாரே, புளிய காயப் போடலாம், ராகிய காயப் போடலாம், புள்ளைங்கள காயப் போடலாமா?” கால் மணி நேரம் கழித்துக் கண் விழித்தவன் கேட்ட முதல் கேள்வி, “கோல் விழுந்துச்சா?” என்பதுதான். அவன் இன்று தாத்தா. மூன்றாம் வரிசையில் இருக்கிறார். பெயரைச் சொன்னால் எழுந்து போய்விடுவார்.

முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்று விளையாட்டு மருத்துவர்கள் இன்று வலியுறுத்துவதை, அந்தப் பெரியவர் அன்றே செய்துவிட்டார். நிழலின் அருமை வெயிலில் தெரியும். தொட்டியின் அருமையும் அப்படித்தான்.

இனி இரண்டாவது செய்தி. 2025 கோடையில் அமெரிக்காவில் நடந்த கிளப் உலகக் கோப்பையின்போது, இங்கிலாந்தின் செல்சி அணி பிலடெல்பியா வெயிலுக்கு அஞ்சித் தன் பயிற்சியைச் சுருக்கிக்கொண்டது. சின்சினாட்டியில் ஜெர்மனியின் டார்ட்மண்ட் அணியின் மாற்று ஆட்டக்காரர்கள் முதல் பாதி ஆட்டத்தை உடைமாற்றும் அறைக்குள் இருந்தபடியே பார்த்தார்கள். உடல் வெயிலுக்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாட்கள் தேவைப்படுவதால், பயிற்சியைச் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும் என்பதும் அவர்கள் அறிந்த பாடம்.

அவர்களுக்குக் குளிரூட்டிய அறை இருக்கிறது. நமக்கு என்ன இருக்கிறது? மாம்பழத்துக்குப் பெயர்பெற்ற மாவட்டம் இது. இத்தனை தோப்புகளை வளர்த்த கைகள் விளையாட்டுத் திடலுக்கு ஒரு மரம் தரவில்லை. ஆறு ஆண்டுகளாக இதைத்தான் மனுவாகவும் பேச்சாகவும் சொல்லிவருகிறேன். மாலையில் நிழல் கிழக்கு நோக்கி விழும் என்பதால் திடலின் மேற்கு ஓரத்தில் புங்கையும் வேம்பும் நட வேண்டும். வேர் ஆடுகளத்துக்குள் வராதபடி எல்லைக்கோட்டிலிருந்து நன்கு தள்ளிக் குழி எடுக்க வேண்டும். சருகு விழும் என்று சிலர் தடை சொல்கிறார்கள். சருகைக் கூட்டிவிடலாம் ஐயா. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்றால், அந்த வெயிலில் நிற்பவர்களைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

தலைவர் மணியடித்துவிட்டார், மூன்றாவது செய்தியைப் பயிற்சியாளர்களிடம் தனியே சொல்லிக்கொள்கிறேன். நாற்பது கன்றுகள் மேடைக்குப் பின்னால் இருக்கின்றன. ஆடி மழைக்கு முன் குழி வெட்டவும், வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றவும் முன்வருபவர்கள், போகும்போது அம்மையாரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.