தூங்கி எழுந்தும் போகாத களைப்பு: களைத்தது எது, ஓய்ந்தது எது?

[திரையில்: அலாரம் அடிக்கிறது. ஒரு கை அதை அணைத்துவிட்டு மறுபடி போர்வைக்குள் போகிறது.]

இரண்டு நாள் விடுமுறை. எங்கேயும் போகவில்லை. பத்து மணி நேரம் தூங்கியும் ஆயிற்று. ஆனால் மூன்றாம் நாள் காலையில் எழும்போது உடம்பில் ஈயத்தைக் கட்டிவிட்டது போல இருக்கிறது. போனில் யார் பெயர் வந்தாலும், 'இவர் இப்போது என்ன கேட்கப்போகிறார்' என்றுதான் முதலில் தோன்றுகிறது. பிடித்த பாட்டு ஓடினால்கூட நிறுத்திவிடலாம் போலிருக்கிறது.

சுற்றியிருப்பவர்கள் இதைச் சோம்பேறித்தனம் என்பார்கள். பல நேரம் நாமே நம்மை அப்படித் திட்டிக்கொள்வோம். ஆனால் சோம்பேறிக்குச் சும்மா இருப்பது சுகம். மனம் களைத்தவருக்குச் சும்மா இருப்பதிலும் சுகம் இல்லை. இந்த வித்தியாசத்தை வைத்தே இரண்டையும் பிரித்துவிடலாம்.

ஓய்வெடுத்தும் களைப்பு போகவில்லை என்றால், பெரும்பாலும் களைத்தது ஒன்று, ஓய்ந்தது இன்னொன்று. நாள் முழுக்க உட்கார்ந்து கணக்குப் பார்த்தவருக்குக் கால் களைக்கவில்லை, கவனம் களைத்திருக்கிறது. பிறர் கோபத்தையெல்லாம் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டவரை, அவர் அடக்கி வைத்த உணர்ச்சி களைக்க வைத்திருக்கிறது. இரண்டு பேரும் மாலையில் சோபாவில் சாய்ந்து இரண்டு மணி நேரம் போன் பார்த்தால், இரண்டு பேருக்குமே களைப்பு இறங்காது.

எது களைத்தது என்று தேடும் முன்னால் உடம்பை ஒருமுறை சந்தேகப்பட்டுவிடுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ரத்தசோகை, தைராய்டு குறைவாகச் சுரப்பது, வைட்டமின் பி12 குறைவு, கட்டுக்குள் இல்லாத சர்க்கரை ஆகிய நான்குமே மனக்களைப்பு போலவே தோற்றம் காட்டும். நான்கையும் சாதாரண ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு ஆண்களுக்கு 13 கிராமுக்கும், கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு 12 கிராமுக்கும் கீழே இருந்தால் அது ரத்தசோகை. அப்படி இருக்கும்போது மூச்சுப் பயிற்சி செய்து களைப்பைப் போக்க முயல்வது வீண் பாடு. பலமாகக் குறட்டை விடுகிறீர்கள், நடுவில் மூச்சு நின்று திணறுகிறீர்கள் என்று பக்கத்தில் படுப்பவர் சொன்னால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபட்டால் பத்து மணி நேரம் படுத்திருந்தாலும் ஆழ்ந்த தூக்கம் கிடைத்திருக்காது. புதிதாக ஒரு மாத்திரை ஆரம்பித்த பிறகு களைப்பு வந்திருந்தால் அதுவும் சொல்ல வேண்டிய விஷயம். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

[திரையில்: கோடு போட்ட ஒரு தாள். மூன்று கட்டங்கள்: காலை, மதியம், இரவு.]

இனி, எது களைக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு தாளும் நான்கு நாளும் போதும். இரண்டு வேலை நாளும் இரண்டு விடுமுறை நாளும் இருப்பது நல்லது. ஒரு நாளைக்கு மூன்று முறை, களைப்புக்கு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் போடுங்கள். பக்கத்தில் இரண்டே குறிப்பு: கடந்த ஒரு மணி நேரம் என்ன செய்தீர்கள், யாரோடு இருந்தீர்கள். அவ்வளவுதான்.

இதில் எல்லோரும் செய்யும் தவறு, மூன்றையும் இரவில் மொத்தமாக எழுதுவது. களைத்த மனம் காலையையும் சேர்த்துக் கறுப்பாகத்தான் காட்டும். அந்தந்த நேரத்தில் எழுதினால் எதிர்பாராத ஒன்று தெரியவரும். 'வேலைதான் என்னைக் கொல்கிறது' என்று நினைத்தவரின் தாளில், வேலை நேரத்தில் 5-ம், குறிப்பிட்ட ஒருவரோடு பேசிய பிறகு 9-ம் இருக்கலாம். எண் எங்கே எகிறுகிறதோ அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் கவனத்தை எடுத்துக்கொள்வோம்.

ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குத் தாவும்போது, மனதின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது. சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் இதைக் கவன எச்சம் என்ற பொருளில் பெயரிட்டு விளக்கினார். ஒரு நாளில் நாற்பது முறை தாவினால், நாற்பது வேலையின் மிச்சம் மாலையில் தலைக்குள் கிடக்கும். 'பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, ஆனால் தலை பாரமாக இருக்கிறது' என்று தோன்றுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஒரு வேலையை விட்டு எழும் முன் ஒரே வரி எழுதுங்கள்: 'எங்கே நிறுத்தினேன், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்வேன்.' அரை நிமிட வேலை. செய்தி, மின்னஞ்சல் எல்லாவற்றையும் வந்தவுடன் பார்க்காமல் சேர்த்து வைத்து, ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவையாகப் பாருங்கள். உடனே பதில் சொல்ல வேண்டியவர்கள் இருந்தால் அவர்கள் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் நோட்டிஃபிகேஷன் சத்தத்தை விட்டுவைத்து மற்றதை அணைத்துவிடலாம்.

இடைவேளையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பத்து நிமிடம் போன் திரையைத் தள்ளிக்கொண்டே இருந்தால் கவனத்துக்கு அது இன்னொரு வேலை. ஒவ்வொரு விநாடியும் 'இது வேண்டுமா, வேண்டாமா' என்று முடிவெடுத்துக்கொண்டிருக்கிறது. கவனத்துக்கு ஓய்வு என்பது எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாத நேரம். ஜன்னலுக்கு வெளியே பார்க்கலாம், நடக்கலாம், பாத்திரம் கழுவலாம். பத்து நிமிடம் வரையிலான சின்ன இடைவேளைகள் களைப்பைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் மிகக் கடினமான மூளை வேலைக்குப் பிறகு பழைய வேகத்துக்குத் திரும்ப அவ்வளவு போதாது. கூடுதல் நேரம் வேண்டும்.

[திரையில்: சிரிக்கும் முகமூடி. மெல்ல கீழே இறங்குகிறது. பின்னால் களைத்த முகம்.]

அடுத்தது உணர்ச்சி. கொஞ்சம் நின்று பேச வேண்டிய இடம் இதுதான். ஏனென்றால் இதை யாரும் வேலை என்றே கணக்கில் சேர்ப்பதில்லை.

உள்ளே எரிச்சலை வைத்துக்கொண்டு வெளியே பொறுமையாகப் பேசுவது ஓர் உழைப்பு. சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்ட் 1983-லேயே இதற்கு உணர்ச்சி உழைப்பு என்று பெயர் வைத்தார். விமானப் பணிப்பெண்களை அவர் கவனித்துச் சொன்னது, இன்று செவிலியர், ஆசிரியர், வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் என எல்லோருக்கும் பொருந்தும். முகத்தில் காட்டாமல் அடக்கினால் உணர்ச்சி போய்விடுவதில்லை. அடக்கும் நேரத்தில் உடம்பின் பதற்றம் கூடுகிறது என்பது ஆய்வகச் சோதனைகளில் அளந்து பார்த்த விஷயம். எட்டு மணி நேரம் அப்படி இருந்துவிட்டு வீட்டுக்கு வந்து, சம்பந்தமே இல்லாத குழந்தையின் மேல் எரிந்து விழுவது இதனால்தான். பிறகு அந்தக் குற்ற உணர்ச்சி ஒரு தனிச் சுமை.

அடக்கவே கூடாது என்று சொல்லவில்லை. பல வேலைகளில் அடக்கித்தான் ஆக வேண்டும். அடக்கியதை அன்றைக்கே இறக்கி வைக்க மூன்று நான்கு நிமிடம் ஒதுக்குங்கள். கடினமான பேச்சு முடிந்ததும் தனியாக ஓர் இடத்துக்குப் போய், உள்ளே இருப்பதற்குப் பெயர் வையுங்கள். வாயால் சொல்லலாம், எழுதலாம். உணர்ச்சிக்குச் சொல்லால் பெயரிடும்போது, மூளையில் ஆபத்து மணி அடிக்கும் பகுதியான அமிக்டலாவின் செயல்பாடு குறைவதை உளவியலாளர் மாத்யூ லீபர்மன் குழுவினர் 2007-ல் மூளை ஸ்கேன் மூலம் காட்டினார்கள்.

இங்கே தவறு நடப்பது சொல்லில். 'கோபமாக இருக்கிறது', 'டென்ஷனாக இருக்கிறது' என்ற இரண்டே சொற்களில் எல்லாவற்றையும் போட்டுவிடுகிறோம். கோபம் என்று நினைத்தது அவமானமாக இருக்கலாம். ஏமாற்றம், பயம், பொறாமை, புறக்கணிக்கப்பட்ட வலி, 'எனக்கு மட்டும் ஏன் இத்தனை' என்ற ஆற்றாமை, இவற்றில் எது? சரியான சொல் கிடைத்தால் அடுத்து என்ன செய்வது என்பதும் பாதி தெரிந்துவிடும். அவமானத்துக்கு வேண்டியது, நம்மை மதிக்கும் ஒருவரோடு பேச்சு. பயத்துக்கு வேண்டியது தகவல். ஆற்றாமைக்கு வேலையைப் பங்கு பிரிப்பது.

உடம்பு இன்னும் படபடப்பாக இருந்தால் மூச்சு உதவும். மூக்கு வழியாக ஒரு மூச்சு இழுத்து, அதை விடாமல் அதன் மேலேயே இன்னொரு சின்ன மூச்சு இழுத்து, பிறகு வாய் வழியாக மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். ஐந்து நிமிடம். 2023-ல் வெளியான ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வில், ஒரு மாதம் தினமும் ஐந்து நிமிடம் இப்படிச் செய்தவர்களின் மனநிலை மேம்பட்டது. பலம் போட்டு இழுத்தால் தலை சுற்றும், விரல் மரத்துப்போகும். அப்போது நிறுத்திச் சாதாரணமாக மூச்சு விடுங்கள். மூச்சைக் கவனித்தாலே பயம் கூடுகிறவர்களும் உண்டு. அவர்கள் இதை விட்டுவிட்டு வேகமாக நடப்பது நல்லது.

[திரையில்: இரவு. தலையணை. அதன் மேல் மிதக்கும் சின்னச் சின்னக் காகிதங்கள்.]

இரவுக்கு வருவோம். படுத்தவுடன் நாளைய வேலைகள் வரிசையாக வருவதற்குக் காரணம் உண்டு. முடிக்காத வேலை முடித்ததைவிட நினைவில் நன்றாக ஒட்டிக்கொள்கிறது என்று உளவியலாளர் ப்ளூமா சைகார்னிக் 1927-ல் எழுதினார். அதை மனதிலிருந்து இறக்கி வைக்க வேலையை முடித்தே ஆக வேண்டும் என்பதில்லை. எப்போது, எப்படிச் செய்வேன் என்று எழுதிவிட்டாலே மனம் பிடியை விடுகிறது. 2018-ல் வெளியான, அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தின் ஒரு சிறிய ஆய்வில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் இனிச் செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள், அன்று முடித்தவற்றை எழுதியவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். எவ்வளவு துல்லியமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம்.

ஆகவே 'ரிப்போர்ட் முடிக்கணும்' என்று எழுதுவதில் பயன் குறைவு. 'காலை 9.30, ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்க அட்டவணையில் விடுபட்ட மூன்று எண்களை நிரப்பணும்' என்று எழுதுங்கள். போனில் வேண்டாம், தாளில். போனை எடுத்தால் ஐந்து நிமிடம் ஐந்தில் நிற்காது.

தூக்கத்தைப் பற்றிச் சுருக்கமாக. படுக்கும் நேரத்தைவிட எழும் நேரத்தை நிலையாக வையுங்கள்; விடுமுறையிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ள வேண்டாம். காபி, டீயில் இருக்கும் காஃபினில் பாதி உடம்பை விட்டு வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், அதனால் படுக்க ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்திவிடுங்கள். ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்து, கண் சொக்கும்போது திரும்பப் படுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டாம். பகல் தூக்கம் இருபது நிமிடத்தோடு நிற்கட்டும். நீண்டால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்து இன்னும் மந்தமாக இருக்கும்.

இத்தனையும் செய்து சுமை மட்டும் அப்படியே இருந்தால்? களைப்பு திரும்ப வரும். உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில், வேலையால் எரிந்துபோகும் நிலையை நோய் என்று சொல்லவில்லை. சரியாகக் கையாளப்படாத, நாட்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே வரையறுத்திருக்கிறது. அதாவது குறை முழுக்க உங்கள் தலைக்குள் இல்லை. பத்துப் பேர் வேலையை ஆறு பேர் செய்யும் இடத்தில், அந்த ஆறு பேருக்குத் தியானம் சொல்லிக் கொடுப்பது தீர்வாகாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

சுமையைக் குறைக்கக் கேட்கும்போது 'என்னால் முடியவில்லை' என்று மட்டும் சொன்னால் எதிரில் இருப்பவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. மேலாளரிடம், 'இந்த வாரம் என்னிடம் இந்த ஐந்து வேலை இருக்கிறது, மூன்றைத்தான் நன்றாக முடிக்க முடியும், எந்த இரண்டைத் தள்ளிப்போடலாம்?' என்று கேளுங்கள். வீட்டில் யாரையாவது பராமரிக்கிறவராக இருந்தால், 'யாராவது உதவக் கூடாதா' என்று பொதுவாகச் சொல்லாமல் ஒருவரைக் குறிப்பிட்டு, 'செவ்வாயும் வியாழனும் மாலை 6 முதல் 8 வரை அப்பாவோடு இருக்க முடியுமா?' என்று கேளுங்கள். நாளும் மணியும் இருந்தால் 'முடியும்' அல்லது 'முடியாது' என்று பதில் வரும். முடியாது என்றாலும் அடுத்தவரைக் கேட்கலாம். அந்த இரண்டு மணி நேரத்தில் பாக்கி வீட்டு வேலையைச் செய்யாதீர்கள். அது ஓய்வுக்காகக் கேட்டு வாங்கிய நேரம்.

[திரையில்: வெற்றுத் திரை. எழுத்து மட்டும்: 'இரண்டு வாரம்'.]

கடைசியாக, இதைக் கவனமாகக் கேளுங்கள். களைப்பும் மனச்சோர்வு நோயும் ஒன்றல்ல, ஆனால் ஒன்று மற்றொன்றாக மாறலாம். கிட்டத்தட்ட தினமும், நாளின் பெரும்பகுதி, இரண்டு வாரமாக மனம் வெறுமையாகவோ துயரமாகவோ இருந்தாலும், எதிலும் ஈடுபாடே இல்லாமல் போயிருந்தாலும் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். தூக்கம், பசி மாறுவது, தான் எதற்கும் உதவாதவர் என்ற எண்ணம் வருவது எல்லாம் கூடவே வரும் அறிகுறிகள். இருக்கவே வேண்டாம் என்றோ, உங்களைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். இன்றே, இப்போதே உங்கள் நாட்டின் அவசர எண்ணையோ மனநல உதவி எண்ணையோ அழையுங்கள். அருகில் இருக்கும் ஒருவரிடம் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள்.

மருத்துவர் முன் உட்கார்ந்ததும் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், 'ஒன்றுமில்லை, கொஞ்சம் அசதி' என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள் பலர். அதனால் நான்கு வரி எழுதிக்கொண்டு போங்கள். எத்தனை வாரமாக இப்படி இருக்கிறது. இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள். முன்பு செய்து, இப்போது செய்யாமல் விட்ட இரண்டு காரியங்கள். சாப்பிடும் மாத்திரைகள். கூடவே அந்த நான்கு நாள் தாளையும் எடுத்துப் போங்கள். பேச வரவில்லை என்றால் தாளை அப்படியே நீட்டிவிடலாம்.